நியாயம் மலையேற வேண்டும்

ஊரில் அக்கிரமம் மிஞ்சிவிட்டால், "நியாயம் மலையேறிப் போய்விட்டது" என்று பெரியோர் சொல்வது வழக்கம். கம்பம் பள்ளத்தாக்கில் இந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே நாள் தவறாமல் மலையேறுகிறவர்கள் மனிதர்கள். நியாயமோ அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. அதை எப்படி மலையேற்றுவது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் விஷயம்.

ஆண்டிபட்டிக்கு அருகே, 1959-ம் வருஷம் ஜனவரி மாதம் 21-ந் தேதி காமராஜர் திறந்து வைத்த வைகை அணையின் மீது நின்று மேற்கே நோக்குங்கள். நீலம் பூத்த மலைத்தொடர் தெரியும். அதன் மறுபுறத்தில் பெரியாற்றில் தேங்கும் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, முல்லையாறாகி, வைகையோடு கலந்து, இந்த அணைக்கு வந்து சேர்கிறது. நீர் கீழே இறங்கி வரும் அதே மலையின் மீது, பொழுது விடியுமுன்னே, தேனி ஜில்லாவின் ஏழை ஜனங்கள் மேலே ஏறிப் போகிறார்கள். போடியிலிருந்து போடிமெட்டு வழியாகவும், கம்பத்திலிருந்து கம்பமெட்டு வழியாகவும், கூடலூரிலிருந்து குமுளி வழியாகவும் ஜீப்புகள் புறப்படுகின்றன. இடுக்கி ஜில்லாவின் ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் அவற்றில் நிறைந்திருக்கிறார்கள். பெரும்பாலோர் பெண்கள். மடியில் தூக்குச் சட்டி, காலடியில் கூடை, ஒருவர் மடிமேல் ஒருவர். வண்டியின் அளவுக்கு இரு மடங்கு ஆட்கள். அவ்வப்போது ஒரு ஜீப் கவிழ்கிறது. மறுநாள் பத்திரிகையில் ஒரு பத்தி வெளிவருகிறது. சர்க்கார் நிவாரணம் அறிவிக்கிறது. அதன் பிறகு அந்தக் குடும்பம் என்னவாயிற்று என்று கேட்பார் இல்லை.

இந்த மலைக்கு இது புதிதன்று. 1887-ம் வருஷத்தில் தொடங்கி 1895-ம் வருஷத்தில் முடிந்த பெரியாற்று அணை வேலையில் காட்டுக் காய்ச்சலாலும் பிற நோய்களாலும் நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் மாண்டனர். அணையின் அருகேயே அவர்களை அடக்கம் செய்தார்கள். பென்னிகுயிக் துரையின் பெயரை இந்தப் பள்ளத்தாக்கு நன்றியோடு நினைக்கிறது, நினைக்க வேண்டியதுதான். சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்து மடிந்தவர்களின் பெயரைச் சொல்லவோ, அவர்களுடைய பெண்டு பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று கேட்கவோ ஆளில்லை. அக்காலத்துச் சட்டத்தில் அப்படிக் கேட்பதற்கு வழியும் இல்லை. 1855-ம் வருஷத்து மரண விபத்துச் சட்டம் ஒன்று இருந்தது உண்மையே. ஆனால் அதன்படி பரிகாரம் பெற வேண்டுமானால், எஜமானனுடைய குற்றத்தினாலோ அசிரத்தையினாலோதான் சாவு நேர்ந்தது என்று விதவை நிரூபிக்க வேண்டும். காட்டுக் காய்ச்சலின்மீது யார் வழக்குத் தொடர முடியும்?

அந்தச் சட்டத்தின் மனப்பான்மை எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது பயன் தரும். 1837-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. கசாப்புக் கடைப் பையன் ஒருவன், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றப்பட்ட வண்டியில் எஜமானனுடைய சரக்கோடு அனுப்பப்பட்டான். வண்டி முறிந்தது, பையனின் தொடையெலும்பும் முறிந்தது. நஷ்டஈடு கேட்டான். லார்டு அபிங்கர் என்ற நீதிபதி மறுத்துவிட்டார். வண்டியில் பாரம் அதிகம் என்பது எஜமானனுக்குத் தெரிவதைவிட வண்டியில் ஏறுகிற வேலைக்காரனுக்கு நன்றாகவே தெரியும். ஆபத்து என்று தோன்றினால் ஏறாமல் இருந்திருக்கலாமே என்பது அவர் காட்டிய நியாயத்தின் சாரம். அந்தத் தீர்ப்பிலிருந்து முளைத்த கொள்கை, கூடவே வேலை செய்பவன் செய்த பிழைக்கு எஜமானன் பொறுப்பாளி அல்ல என்று விரிந்து, பல்லாண்டுகள் தொழிலாளிகளை வதைத்தது.

"ஏறாமல் இருந்திருக்கலாமே!" சொல்வது சுலபம். அன்றையக் கூலி இல்லாவிட்டால் அன்றைய உலை இல்லை என்ற நிலையில் இருப்பவளுக்கு, ஏறுவதும் ஏறாதிருப்பதும் சுயேச்சையா? நீதிபதியின் ஆசனத்திலிருந்து பார்க்கையில் அது சம்மதமாகத் தெரிகிறது. ஜீப்பின் பின்புறம் தொங்கிக்கொண்டு போகிறவளின் இடத்திலிருந்து பார்த்தால் அது பசி.

உலகம் மெல்ல மெல்லத் திருந்தியது. ஜெர்மனியில் 1884-ல் விபத்து இன்ஷூரன்ஸ் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் 1897-ல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. இந்தியாவில் 1923-ல் அத்தகைய சட்டம் நிறைவேறி, 1924 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. அதே 1923-ம் வருஷத்தில்தான் வக்கீலான சிங்காரவேலர் சென்னையில் மே தினக் கொடியை ஏற்றினார். அதற்குப் பதினைந்து வருஷங்களுக்கு முன்பே, தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகளின் வேலைநிறுத்தத்தை இன்னொரு வக்கீலான வ.உ.சிதம்பரம் பிள்ளை நடத்தி ஜயம் பெற்றிருந்தார். சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. தெருவில் நின்றவர்கள் கேட்டதால் வந்தது. இதை வக்கீல்களாகிய நாம் மறந்துவிடக் கூடாது.

1923-ம் வருஷத்துச் சட்டத்தின் பெருமை யாது? அது குற்றத்தைத் தேடுவதை நிறுத்திற்று. எஜமானன் தவறு செய்தானா என்ற கேள்வியையே அது பொதுவாகக் கேட்பதில்லை. வேலையின் காரணமாகவும், வேலையின் போக்கிலும் விபத்து நேர்ந்ததா? நேர்ந்தது என்றால் கொடு. இவ்வளவே அதன் கட்டளை. தொழிலால் லாபம் அடைகிறவன் தொழிலால் விளையும் நஷ்டத்தையும் ஏற்க வேண்டும் என்ற தர்மமே அதன் அஸ்திவாரம். மேஸ்திரி மூலமாகவோ கான்ட்ராக்டர் மூலமாகவோ ஆள் பிடித்தாலும் மூல எஜமானன் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்றது. "எனக்கு நஷ்டஈடு வேண்டாம்" என்று தொழிலாளியிடம் எழுதி வாங்கினால் அந்த எழுத்துச் செல்லாது என்றது. சாவு நேர்ந்தால் பணத்தைக் குடும்பத்தின் கையில் ரகசியமாகத் திணிக்கலாகாது, கமிஷனரிடம் கட்ட வேண்டும் என்றது. ஏலத் தோட்ட வேலை அந்தச் சட்டத்தின் அட்டவணையில் பெயர் குறித்தே சேர்க்கப்பட்டிருந்தது. இந்த முக்கியமான ஏற்பாடுகளை, 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பழைய சட்டம் நூறு வருஷம் வாழ்ந்து, தன் பொறுப்பை இந்தத் தொகுப்பிடம் ஒப்படைத்திருக்கிறது.

ஆனால் சட்டம் ஒரு வாக்கியம் எழுதினால், நியாயஸ்தலங்கள் அதன்மேல் ஒரு நூற்றாண்டு வாதம் செய்கின்றன. "வேலையின் போக்கில்" என்ற சொற்றொடரின் பொருள் என்ன? தொழிலாளி தோட்டத்தின் வாசலில் காலை வைத்தவுடன் வேலை தொடங்குகிறதா, வீட்டிலிருந்து புறப்பட்டவுடனா? இந்தக் கேள்விக்கு நீதிபதிகள் காலந்தோறும் கண்ட விடைகளைத் தொகுத்துப் பார்த்தால், சட்டத்தின் மனச்சாட்சி வளர்ந்த சரித்திரம் தெரியும்.

1952-ம் வருஷம் ஜூன் மாதத்தில், சௌராஷ்டிரத்தில் போர்பந்தருக்கு அருகே உப்பளத் தொழிலாளிகள் ஓர் உப்பங்கழியைப் படகில் கடந்தனர். காற்று மோசம், படகில் ஆள் அதிகம். படகு கவிழ்ந்து சிலர் மூழ்கி இறந்தனர். அது யாவரும் போகும் பொதுத் துறை, பொதுப் படகு. உப்பளத்தை அடையுமுன் நேர்ந்த விபத்துக்கு உப்பள முதலாளி பொறுப்பாளி அல்ல என்று சுப்ரீம் கோர்ட் 1958-ல் தீர்ப்பளித்தது. வேலையின் எல்லையைச் சிறிது நீட்டிப் பார்க்கலாம் என்ற கொள்கையை அந்தத் தீர்ப்பே ஒப்புக்கொண்டது. ஆயினும் அந்த நீட்சி பொதுப் பாதைவரை வராது என்று கதவைச் சாத்திற்று. 1837-ல் பாரம் மிஞ்சிய வண்டி. 1952-ல் பாரம் மிஞ்சிய படகு. இரண்டிலும் தோற்றவர் ஏழைகளே.

1963-ல் கதவு சற்றுத் திறந்தது. பம்பாய் நகர பஸ் டிரைவர் ஒருவர் தம் வேலையை முடித்துவிட்டு, அதே ஸ்தாபனத்தின் வேறொரு பஸ்ஸில் வீடு திரும்பும்போது விபத்தில் மாண்டார். பஸ்ஸில் இலவசமாகப் போய்வரும் அந்த வசதி வேலையின் நன்மைக்காகவே அளிக்கப்பட்டது. ஆகவே அந்தப் பயணமும் வேலையின் பகுதியே என்று நீதிபதிகளில் பெரும்பாலோர் கொண்டனர். முதலாளி ஏற்பாடு செய்த வாகனம், வேலையின் தேவைக்கான பயணம் என்ற இரண்டு ஆணிகளை அந்தத் தீர்ப்பு அடித்து வைத்தது. கம்பம் ஜீப்பை மாட்டி வைக்க இந்த ஆணிகள் போதுமே என்று வாசகர்கள் நினைக்கலாம். நாமும் அப்படியே நினைக்கிறோம்.

ஆனால் 1996-ல் மறுபடியும் கதவு சாத்தப்பட்டது. கேரளத்துத் தொழிலாளி ஒருவர் 1971-ல் சைக்கிளில் ஆலைக்குப் போகும்போது, ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில் லாரி மோதி எலும்பு முறிந்தது. தொழிலாளர் இன்ஷூரன்ஸ் சட்டப்படி அது வேலை விபத்து அல்ல என்று கால் நூற்றாண்டு கழித்து முடிவாயிற்று. அந்த முடிவின் கடுமையைப் பார்லிமெண்டே உணர்ந்து, 2010-ல் அந்த இன்ஷூரன்ஸ் சட்டத்தைத் திருத்தியது. வீட்டுக்கும் வேலை ஸ்தலத்துக்கும் இடையே போகவர நேரும் விபத்தும், வேலையோடு அதற்கு நேரத்தாலும் இடத்தாலும் சூழ்நிலையாலும் சம்பந்தம் இருக்குமானால், வேலை விபத்தே என்று எழுதிற்று.

அந்தத் திருத்தம் இன்ஷூரன்ஸ் சட்டத்தில் சேர்ந்த ஆலைத் தொழிலாளிக்கு மட்டுமா, நஷ்டஈட்டுச் சட்டத்தின் கீழ் வரும் மற்றவர்களுக்கும் உண்டா? இதற்கு விடை 2025 ஜூலை 29-ந் தேதி கிடைத்தது. மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி, 2003-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், விடியற்காலை மூன்று மணி வேலைக்காக மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்பாக விபத்தில் இறந்தார். 2009-ல் கமிஷனர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார். 2011-ல் ஹைகோர்ட் அதைத் தள்ளிவிட்டது. நீதிபதிகள் மனோஜ் மிஸ்ராவும் கே.வி.விசுவநாதனும் ஹைகோர்ட் முடிவை மாற்றி, கமிஷனரின் உத்தரவை நிலைநாட்டினர். இரண்டு சட்டங்களும் ஒரே நோக்கமுடையவை. இரண்டிலும் அந்தச் சொற்றொடருக்கு ஒரே பொருள்தான். 2010-ம் வருஷத் திருத்தம் புதிதாக ஒன்றையும் படைக்கவில்லை, முன்பே இருந்த பொருளைத் தெளிவாக்கிற்று என்பது அவர்கள் கண்ட முடிவு. நள்ளிரவில் வீட்டைவிட்டுப் புறப்படுகிற காவலாளி வேலைக்கல்லாமல் வேறு எதற்குப் புறப்படுகிறான் என்ற சாமானிய மனிதனின் கேள்வி, கடைசியில் சட்டத்தின் கேள்வியாயிற்று. புதிய சட்டத் தொகுப்பிலும் இதே விதி நஷ்டஈட்டு அத்தியாயத்தில் இடம்பெற்றிருக்கிறது.

ஆகவே இன்று சட்டத்தின் நிலை தெளிவு. விடியுமுன் கம்பத்தில் ஜீப் ஏறிய பெண், கம்பமெட்டு வளைவில் வண்டி உருண்டு மாண்டால், அது தோட்ட வேலையில் நேர்ந்த சாவாகவே கொள்ளத்தக்கது. அவள் உல்லாசமாக மலைக்காட்சி பார்க்கப் போகவில்லை. போர்பந்தர் படகைப் போல அது யாவரும் ஏறும் பொது வாகனமும் அல்ல. தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர் நேரம் குறித்து ஏற்றிச் செல்லும் வண்டி. வாகன விபத்து டிரிப்யூனலுக்குப் போகும் வழியும் அவள் குடும்பத்துக்கு உண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டிலும் பெற முடியாது. டிரிப்யூனலில் தொகை அதிகம் கிடைக்கக்கூடும். ஆனால் அங்கே பொதுவாக டிரைவரின் அசிரத்தையை நிரூபிக்க வேண்டும். வாடகைக்கு ஆள் ஏற்ற அனுமதியில்லாத வண்டி, அளவுக்கு மிஞ்சிய ஆட்கள் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கிளப்பும் ஆட்சேபங்களையும் சமாளிக்க வேண்டும். எது நல்லது என்பதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் நிலை அறிந்து சொல்ல ஒரு வக்கீல் வேண்டும். புரோக்கர் சொல்லக் கூடாது.

சட்டம் தெளிவானால் போதுமா? போதாது. இங்கேதான் நம் முக்கியமான குறை தொடங்குகிறது. விசாரணை எப்படி நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

"நீ யாரிடம் வேலை செய்தாய்?"

"எங்க தெரு அக்காதான் ஐயா கூட்டிக்கிட்டுப் போவாங்க."

"தோட்டத்தின் சொந்தக்காரர் யார்?"

"பார்த்ததில்லை ஐயா. சூப்பர்வைசர்தான் வந்து நிப்பாரு."

"தோட்டத்தின் பெயர்?"

"பத்தாம் நம்பர் தோட்டம்னு சொல்லுவோம்."

"கூலி ரசீது உண்டா? வருகைப் பதிவில் கையெழுத்து உண்டா?"

மௌனம்.

அந்த மௌனத்தில் வழக்கு முடிந்துவிடுகிறது. தொழிலாளி என்ற உறவையே முதலாளி மறுத்துவிட்டால், மேற்சொன்ன தீர்ப்புகள் யாவும் வீண். எஜமானன் பெயர் தெரியாத வேலைக்காரிக்கு எந்தச் சட்டம் உதவும்? நாம் போடிநாயக்கனூர் ஏலச் சந்தையைக் காண்கிறோம். மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய்க்கு எடை உண்டு, ரகம் உண்டு, எண் உண்டு, சீட்டு உண்டு. யாருடைய சரக்கு, எவ்வளவு, என்ன விலை என்பதில் ஒரு கிராம்கூடத் தவறுவதில்லை. அந்தக் காயைப் பறிக்க மலையேறிய கைக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. சரக்குக்குக் கணக்கு வைக்கத் தெரிந்தவர்களுக்கு ஆளுக்குக் கணக்கு வைக்கத் தெரியாது என்று யாரேனும் சொன்னால் நாம் நம்பமாட்டோம்.

ஒரு சீட்டின் மதிப்பு என்ன என்பதை எண்ணிக்கையிலேயே காட்டலாம். பழைய சட்டப்படி, சாவுக்கு நஷ்டஈடு என்பது மாதச் சம்பளத்தின் பாதியை, வயதுக்குரிய காரணியால் பெருக்கி வரும் தொகை. சம்பளத்தின் உச்ச வரம்பு 2020-ல் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாற்பது வயதுக்குரிய காரணி 184.17. முழு வரம்பும் நிரூபணமானால் 7,500-ஐ அதனால் பெருக்க, 13,81,275 ரூபாய் ஆகிறது. கூலிக்கு ஆதாரம் இல்லாமல் மாதம் 9,000 என்று அதிகாரி அனுமானித்தால் 8,28,765 ரூபாய்தான். ஒரு காகிதம் இல்லாத குற்றத்துக்கு, தாயை இழந்த குழந்தைகள் ஐந்தரை லட்சம் ரூபாய் அபராதம் கட்டுகிறார்கள். வேலை உறவே நிரூபணமாகாவிட்டால் அபராதம் முழுத் தொகை.

தோட்டக்காரர்கள் தரப்பையும் கேட்பது நியாயம். ஏலக்காய் விலை ஒரு வருஷம் ஏறும், மறு வருஷம் விழும். சில ஏக்கர் மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் சிறு விவசாயிகள் பலர். ஒரே விபத்தில் ஐந்து பேர் மாண்டால் அவர் தோட்டத்தையே விற்றாலும் போதாது என்கிறார்கள். இது பொய்யல்ல. ஆனால் இதற்கு விடை தொழிலாளியின் உரிமையை மறுப்பதாகாது. இந்தப் பொறுப்புக்காகவே இன்ஷூரன்ஸ் இருக்கிறது. உரத்துக்கும் மருந்துக்கும் கணக்குப் போடுகிறவர் ஆளுக்கும் பிரீமியம் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். சிறு விவசாயிகள் தனித்தனியே செய்ய முடியாவிட்டால் சங்கமாகச் சேர்ந்து செய்யலாம். கஷ்டத்தைப் பலருக்குப் பகிர்வது நாகரிகம். அதை ஒரு விதவையின் தலையில் இறக்குவது அநாகரிகம்.

காலதாமதம் இன்னொரு கொடுமை. 2009-ம் வருஷத் திருத்தம், கமிஷனர் மூன்று மாதத்தில் வழக்கை முடிக்க வேண்டும் என்று விதித்தது. மேற்சொன்ன காவலாளியின் மனைவி மக்களோ இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தார்கள். நஷ்டஈடு என்பது எந்த நாளில் சேரவேண்டியதாகிறது என்பதைச் சுப்ரீம் கோர்ட் 1975-லேயே தீர்த்துவிட்டது. ஒரிசாவில் கட்டடத்திலிருந்து விழுந்து இடது கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கு அது. ஒரு கை போன தச்சன் தச்சு வேலைக்கு முழுவதும் உதவாதவனே; ஆகவே நூற்றுக்கு நூறு நஷ்டம் என்றும், தொகை விபத்து நடந்த அன்றே சேர வேண்டியது என்றும் நீதிபதி ஷிங்கால் எழுதிய தீர்ப்பு கூறியது. எலும்பு அளவைப் பாராமல் பிழைப்பின் அளவைப் பார்த்த தீர்ப்பு அது. சட்டப் புத்தகத்தோடு உளியையும் இழைப்புளியையும் பிடித்துப் பார்த்த நீதிபதியே அப்படி எழுத முடியும். நம் நாட்டுக்கு அத்தகைய நீதிபதிகள் குறைவில்லை. அவர்களிடம் வழக்குப் போய்ச் சேரும் பாதைதான் மலைப்பாதையைவிட நீளமாயிருக்கிறது.

தோட்டத்துக்குள்ளேயே குடியிருப்பவர்களின் கதியையும் சொல்லாமல் விட முடியாது. 2020-ம் வருஷம் ஆகஸ்ட் 6-ந் தேதி இரவு, மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தொழிலாளிகளின் லயங்கள் மண்ணுக்குள் போயின. எழுபது உயிர்கள் மாண்டன. பெரும்பாலோர் தமிழர்கள். தோட்டத்து வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்று சட்டம் உண்டு. 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் பின்னாளில் சேர்க்கப்பட்ட அந்த விதி, புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. ஆனால் இடிவு "இயற்கைச் சீற்றத்தால்" நேர்ந்ததானால் பொறுப்பில்லை என்று ஒரு விலக்கும் கூடவே தொடர்கிறது. மலையில் மழை இயற்கை. மண் சரிவது இயற்கை. அப்படியானால் விதி எதற்கு? கூர்ந்து படித்தால் ஒரு வழி தெரிகிறது. முற்றிலும் நேராகவும் அந்தக் காரணத்தாலேயே இடிந்திருந்தால்தான் விலக்கு என்பது அவ்விதியின் நடை. லயத்தைச் சரிவின் அடியில் கட்டுவது என்று தீர்மானித்தது மழையல்ல, மனிதன். இத்தகைய சாவுகளில் இனி யாரேனும் வழக்காடும்போது, இந்த இரண்டு சொற்களைப் பற்றிக்கொண்டு வாதாட வேண்டும் என்று சக வக்கீல்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் அந்த விலக்கையே நீக்க முயல வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது என்ன?

முதலாவதாக, ஜீப் புறப்படும் இடத்திலேயே பெயர்ப் பதிவு வேண்டும். யார் ஏறுகிறார், எந்தத் தோட்டத்துக்கு, யாருடைய ஆள், என்ன கூலி என்ற நான்கு விஷயங்கள் அடங்கிய சீட்டு ஒவ்வொரு தொழிலாளியின் கையிலும் இருக்க வேண்டும். வேலைக்கு நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கூறுகிறது. தினக்கூலிக்கு அதைச் சுருக்கி ஒரு அட்டையாக ஆக்குவதில் கஷ்டமில்லை.

இரண்டாவதாக, உயிர்ச்சேதமுள்ள ஒவ்வொரு ஜீப் விபத்திலும் போலீஸார் தொழிலாளர் இலாகாவுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். மனு வரட்டும் என்று காத்திராமல் தாமே முதலாளிக்கு நோட்டீஸ் விட்டு விவரம் கேட்கும் அதிகாரம் பழைய சட்டத்திலேயே கமிஷனருக்கு அளிக்கப்பட்டிருந்தது. அந்த அதிகாரம் புத்தகத்தில் உறங்கினால் யாருக்கு லாபம்?

மூன்றாவதாக, விபத்து கேரளத்தில் நடந்தது, ஆகவே அங்கேதான் போக வேண்டும் என்று ஏழைகளை மிரட்டுவது நிற்க வேண்டும். மனுதாரர் குடியிருக்கும் இடத்திலேயே மனுச் செய்யலாம் என்று 1995-ம் வருஷத் திருத்தம் வழி வகுத்தது. தேனியிலும் கம்பத்திலும் மாதம் ஒரு முறையாவது அதிகாரி வந்திருந்து விசாரிக்கட்டும்.

நான்காவதாக, இரண்டு ராஜ்யங்களும் கூடிப் பேச வேண்டும். பெரியாற்று நீர்மட்டத்தின் ஒவ்வொரு அடிக்கும் சென்னையும் திருவனந்தபுரமும் சுப்ரீம் கோர்ட் வரை வழக்காடின. 142 அடி என்று 2014-ல் தீர்ப்பும் வந்தது. நீருக்காக இவ்வளவு வாதாடத் தெரிந்த இரண்டு சர்க்கார்களும், தினந்தோறும் அந்த எல்லையைக் கடக்கும் மனிதருக்காக ஒரு நாள் ஒரே மேஜையில் உட்காரக் கூடாதா? தமிழ்நாட்டு உழைப்பும் கேரளத்து மண்ணும் சேர்ந்தே ஏலக்காய் விளைகிறது. இதில் வழக்காட ஒன்றுமில்லை, ஒத்துழைக்கத்தான் உண்டு.

சர்க்கார் செய்யும் வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. பொது ஊழியம் செய்யும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டம் போடுவதும் தீர்மானம் நிறைவேற்றுவதும் நல்லதே. அவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, விடியற்காலை நாலு மணிக்கு ஜீப் நிற்கும் இடத்துக்குப் போய் நில்லுங்கள். ஏறுகிறவர்களின் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், வண்டியின் எண்ணையும் எழுதி வையுங்கள். பிற்பாடு ஒரு நியாயஸ்தலத்தில் அந்த நோட்டுப் புத்தகம் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றக்கூடும். விபத்து நடந்த வீட்டில், கமிஷனரிடம் கட்டாமல் கையில் கொடுக்கும் பணத்துக்கு வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்கவேண்டாம் என்று எச்சரியுங்கள். அப்படி உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய எழுத்துச் சட்டத்தில் செல்லாது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

வைகை அணையில் ஒரு முறை உண்டு. நீர் 66 அடியை எட்டினால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. கரையோர ஜனங்களுக்கு மும்முறை அறிவித்த பிறகே மதகு திறக்கும். கொள்ளளவு 71 அடி என்றால் 71 அடிதான். அதற்குமேல் ஒரு அங்குலத்தையும் எஞ்சினீயர்கள் சம்மதிப்பதில்லை. கல்லால் கட்டிய அணைக்கு இவ்வளவு பாதுகாப்பு வைத்திருக்கிறோம். அந்த அணையைத் தாண்டி மலையேறும் ஜீப்புக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அதை மீறினால் எச்சரிக்க ஒருவருமில்லை. உடைந்தபின் கணக்கெடுக்கவும் ஒருவருமில்லை. 1837-ல் வண்டி, 1952-ல் படகு, இன்று ஜீப். மூன்றிலும் பாரம் ஒன்றே. முதல் இரண்டிலும் சட்டம் "நீ ஏறியது ஏன்?" என்று தொழிலாளியைக் கேட்டது. மூன்றாவதிலாவது "நீ ஏற்றியது ஏன்?" என்று முதலாளியைக் கேட்கட்டும். கேட்பதற்குச் சட்டம் இப்போது இடம் கொடுத்திருக்கிறது. அந்தக் கேள்வியைத் தேனியின் விசாரணை அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் கடமை.